தென்கிழக்கு ஆசியா 12 நாடுகளா? புலனத்தில் சுற்றும் பட்டியல் தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில், புதிர்ப் போட்டிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. இலங்கை, பாப்புவா நியூ கினி சேர்த்துத் தென்கிழக்கு ஆசியாவில் 12 நாடுகள் என்கிறது. திமோர் லெஸ்தே அதில் இல்லை.

சரியான கணக்கு 11: மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து, மியன்மார், லாவோஸ், கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், திமோர் லெஸ்தே. ஐநா புள்ளியியல் பிரிவின் ‘எம்49’ பட்டியலில் 035 என்ற எண்ணின் கீழ் இதைப் பார்க்கலாம். இலங்கை அங்கே தெற்காசியா (034), பாப்புவா நியூ கினி மெலனீசியா (054).

குழப்பம் வருவதில் வியப்பில்லை. நியூ கினித் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவுடையது. எல்லை ஏறக்குறைய 141 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் ஓடுகிறது. ஒரே தீவு, இரண்டு வட்டாரம்! போதாததற்கு, பாப்புவா நியூ கினி 1976 முதல் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பில் பார்வையாளர். பார்வையாளர் உறுப்பினர் ஆகாது. இலங்கைக்கும் தாய்லாந்து, மியன்மாருக்கும் தேரவாத பௌத்த உறவு பழையது. ஆனால் அது பண்பாட்டுத் தொடர்பு. ஐநா பட்டியல் புள்ளிவிவர வசதிக்கானது.

ஆசியான் 1967-இல் 5 நாடுகளுடன் தொடங்கியது. திமோர் லெஸ்தே 2025 அக்டோபரில் கோலாலம்பூரில்தான் 11-வது உறுப்பினரானது. அதற்கு முன்பும் அது தென்கிழக்கு ஆசிய நாடுதான். ஆசியான் சின்னத்தின் 10 நெற்கதிர்களை எண்ணி விடை எழுத வேண்டாம். அது திமோர் சேர்வதற்கு முன்பே வரையப்பட்டது.

அந்தப் பட்டியல் வந்தால் மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு 035 பட்டியலைக் காட்டுங்கள்.