பூசை முடிவில் வாசிக்கப்படும் பள்ளிச் செய்தி

எங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின், திருவிழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, அந்தப் பங்கு நடத்தும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியின் பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பையின் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் எவர்சில்வர் தட்டு. காலை உணவுக்கு நேரமாகிவிட்டதே என்று கதவுக் கம்பியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். அன்று உள்ளூர் விடுமுறை. வெள்ளிக்கிழமையே வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குத்தந்தையும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆனால் அவள் வீட்டார் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்லர். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அந்த அறிவிப்பைக் கேட்டவன் நான். அவர்கள் எனக்கு அடுத்த வீடு. போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவளுடைய அம்மா அதற்குள் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டதால், மதியம் வரை அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தாள்.

அந்த அரை நாள் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் பள்ளியைப் பற்றிய எல்லாச் செய்தியும், பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா, சேர்க்கை, சீருடை வழங்கும் நாள், சுற்றுச்சுவருக்கான நன்கொடைக் கணக்கு என அனைத்தும், ஞாயிறு திருப்பலியின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வெளிவருகின்றன. அதற்குப் பின் அன்பியக் கூட்டங்களில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்களில், அவை பேசப்படுகின்றன. எழுத்து வடிவம் வேண்டுமென்றால் கோயில் முகமண்டபத்து அறிவிப்புப் பலகையில், திருமண ஓலைகளுக்கும் (திருமண அறிவிப்புகள்) பூசைக் கருத்துப் பட்டியலுக்கும் (யாருக்காகப் பூசை என்ற பட்டியல்) நடுவே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது போதும். ஆனால் பள்ளியில் இந்த ஆண்டு படிக்கும் 63 பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்துக்களும் இசுலாமியர்களும். அவர்களுடைய பெற்றோருக்குப் பள்ளிச் செய்தி பிள்ளையின் வாய்வழியாக மட்டுமே வந்து சேருகிறது, ஏழு வயதுப் பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

"பங்கு நடத்துகிற பள்ளி, பங்கில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?" என்று அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை நானும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இது அரசு உதவி பெறும் பள்ளி; அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. வகுப்பை நிரப்புகிற பிள்ளைகள் எல்லாத் தெருக்களிலிருந்தும் வருகிறார்கள். பிப்ரவரி 4 அன்று ஓரியூர் அருளானந்தர் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் யார் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. 1693இல் அங்கே தலை வெட்டப்பட்ட அந்தத் துறவியின் திருநாள், பாட்டி சொல்லிப் பேத்திக்குத் தெரிகிற அளவுக்கு எல்லார் வீட்டிலும் புழங்குகிறது. பத்தடி தூரத்தில் இருக்கிற பள்ளியின் விடுமுறை அடுத்த வீட்டுக்குத் தெரியவில்லை.

செய்தி போகாத இடத்தில் வதந்தி போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது வந்தது 2024 ஜூலை 15 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் பக்கத்து ஊர் ஒன்றியப் பள்ளியில் உப்புமா வாசம் வரும், எங்கள் பள்ளியில் வராது. காரணத்தை யாரும் ஊருக்கு விளக்காததால், "சிஸ்டர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்" என்ற பேச்சு டீக்கடையில் நிலைத்துவிட்டது. அது அரசாணை வரம்பு சார்ந்த விஷயம் என்று ஒரு வரி எழுதி வெளியே ஒட்டியிருந்தால் அந்தப் பேச்சு இரண்டே நாளில் அடங்கியிருக்கும். இன்று சுயஉதவிக் குழுப் பெண்கள் வந்து சமைக்கிறார்கள், புதன்கிழமைப் பொங்கலுக்கு ஒரு பிள்ளைகூடத் தாமதமாக வருவதில்லை. ஆனாலும் பழைய பேச்சை நம்பிக்கொண்டிருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்று இதைவிட மோசம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. அது சரியா என்பது தனி விவாதம். ஆனால் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் அதனால் எதுவும் கெட்டுவிடாது. இதை அறியாமல், "இங்கே படித்தால் டாக்டர் ஆக முடியாதாம்" என்று இரண்டாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன ஒரு தகப்பனாரை நானே பார்த்தேன்.

ஒரு பிள்ளை போனால் என்ன என்று கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்று. தமிழ்நாட்டில் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி பார்க்கப்படுகிறது. 63இல் இருக்கிற எங்கள் பள்ளியில் மூன்று பேர் போனால் ஒரு ஆசிரியர் உபரி ஆகிவிடுவார், ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டிவரும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் நாள்தோறும் பூக்கள் பூத்த காலை வணக்கங்களும் புனிதர் படங்களும் வந்து குவிகின்றன. தேர்வு அட்டவணையைத் தேடி எடுப்பதற்குள் கட்டைவிரல் வலித்துவிடும். நூறு நாள் வேலைக்குப் போகிற தாயின் கையில் இருப்பதோ பொத்தான் போன். தலைமையாசிரியை சிஸ்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நான்கு, ஐந்து வகுப்புகளை அவரே எடுக்கிறார், வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுகிறார், முட்டைக் கணக்கு பார்க்கிறார், மாலையில் முதல் முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பும் அவருக்குத்தான்.

ஆனால் எழுதுவதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாப் பள்ளிகளையும்போல இங்கும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் திருக்குறளுக்கும் பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்தித்தாளைப் பார்த்து எழுதிவந்த தலைப்புச் செய்திகளை வாசிக்கிறது. டெல்லியில் நடந்ததையும் துபாயில் நடந்த கிரிக்கெட்டையும் தடங்கலில்லாமல் வாசிக்கிற அதே பிள்ளை, "நம் பள்ளியின் குடிநீர் மோட்டார் பழுது, நாளை ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரவும்" என்பதையும் வாசிக்கட்டும். வாசித்ததைச் சுண்ணக்கட்டியால் ஒரு கரும்பலகையில் எழுதி வாசலுக்கு வெளியே மாட்டட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, சாலையில் போகிற யாராவது ஒரு பழைய மாணவர் திருத்திவிட்டுப் போவார்.

சிஸ்டரிடம் இதைச் சொன்னேன், மறுக்கவில்லை. பலகைச் செலவு என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன். பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அழகாக இருக்கும் என்று அதைக் கோயில் முகப்பில் மாட்டிவிடாதீர்கள். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த மதிலில், வேப்பமரத்துக்கு இடப்பக்கம் இரண்டு ஆணி அடித்தால் போதும். காலை ஏழரை மணிக்கு மண்வெட்டியோடு வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.