தொழில்முனைவு பயில்வோருக்குக் கணக்கியல் துணைப்பாடம் அன்று

கணக்கியலைத் தொழில்முனைவோடு இணைத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று கேட்கும் மாணவர்களிடம், தயங்காமல் படியுங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பேசாத இரு பாடங்களாக நடத்தும் பாடத்திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வகுப்பில் பேரேடும் தேய்மானமும் வரியும். அடுத்த வகுப்பில் புதுமையும் துணிவும் முதலீட்டாளர்முன் பேசும் பயிற்சியும். தொழில் தொடங்கியவருக்கோ எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும்.

அடக்கவிலை 60 உள்ள பொருளை 100க்குக் கடனில் விற்பதாகக் கொள்வோம். சரக்குக் கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் தர வேண்டும். வாங்கியவர் தருவதோ 90ஆம் நாளில். இலாபநட்டக் கணக்கு விற்ற அன்றே 40 இலாபம் காட்டும், ஆனால் இடைப்பட்ட 60 நாட்களுக்கு அந்த 60ஐ வேறெங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். விற்பனை இரட்டித்தால் இலாபத்தோடு இந்தப் பற்றாக்குறையும் இரட்டிக்கும் என்பதால், நன்றாக விற்கும் தொழிலும் ரொக்கமின்றி முடங்கக்கூடும். இலாபமும் ரொக்கமும் வேறு வேறு என்பதை முதல் பருவத்திலேயே மனத்தில் பதியவைக்க வேண்டும்.

தள்ளுபடியும் அப்படித்தான். அதே பொருளில் 10 குறைத்தால் மிஞ்சுவது 40 அன்று, 30. பழைய மொத்த மிச்சத்தை எட்ட எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும். விளம்பரத் திட்டம் எழுதும் மாணவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை, இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி 1494இல் வெனிசில் அச்சேற்றியதே வணிகர்களின் பயன்பாட்டுக்காகத்தான். வரி அலுவலரும் தணிக்கையாளரும் அதன் முதல் வாசகர்கள் அல்லர். 1772இன் கடன் நெருக்கடியில் விற்பனை சரிந்தபோது, ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் தம் கணக்கேடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் வாடகை போன்ற செலவுகள் மாறாமல் ஓடுவதை அவர் கண்டுகொண்டார்; தலைமை எழுத்தரின் கையாடலும் அப்போதுதான் வெளிப்பட்டது. அவரை நான் முதலில் கணக்கியல் மாணவராகவே பார்க்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: இறுதியாண்டுத் தொழில் திட்டத்தை மதிப்பிடும் ஆசிரியர்கள், மாதவாரியான ரொக்க வரவு செலவு மதிப்பீடு இல்லாத திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் பணம் தீரும் மாதம் எது என்பதை மாணவரே குறித்துக்காட்ட வேண்டும்.