டென்னிங் பிரபுவின் மறுபக்கம்
இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு பற்றிய உங்கள் கட்டுரை நன்று. துணிக்கடைக்காரர் மகன், 1962 முதல் 20 வருடம் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சிவில் பிரிவுக்குத் தலைவர், எல்லாம் சரி. 1977 லின்ட்ஸ் கிரிக்கெட் வழக்கில் அவர் எழுதியதைப் படியுங்கள்: தோட்டத்தில் பந்து வந்து விழுகிறது என்று வழக்குப் போட்ட தம்பதியை ஓரமாக வைத்துவிட்டு, கோடைக்காலக் கிராமத்துக் கிரிக்கெட்டின் இன்பத்தில்தான் ஆரம்பிப்பார்! சுவாரசியமான மனுஷன்.

ஆனால் பர்மிங்காம் அறுவர் (1974 பர்மிங்காம் மதுக்கடைக் குண்டுவெடிப்புகளுக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேர்) விஷயத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? போலீஸ் தங்களை அடித்ததாக அவர்கள் தொடுத்த சிவில் வழக்கை 1980-ல் மேலே நகரவிடாமல் முடக்கிய அமர்வில் முதன்மையானவர் இவர்தானே? அவர் சொன்ன காரணம்: அறுவரும் ஜெயித்தால் போலீஸ் பொய்ச்சாட்சி சொன்னதாகிவிடும், அது பயங்கரமான நிலைமையாம்! இது ஒரு காரணமா சார்? 1991-ல் அந்தத் தண்டனைகள் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே ரத்தாயின.