பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் புது ரோடு போடுங்கய்யா!

தெருவுக்குள் தார் லாரி வந்தால் ஒரு காலத்தில் சந்தோஷமாக இருக்கும். இப்போது வயிறுதான் எரிகிறது. மறுபடியும் பழைய ரோட்டின் மேலேயே கொட்டிவிட்டுப் போகப் போகிறார்கள். வாசற்படி இன்னும் கொஞ்சம் ரோட்டுக்குள் புதையப் போகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் இன்னும் இரண்டு விரற்கடை கூடுதலாக வீட்டுக்குள் நிற்கப் போகிறது. சென்னையின் பழைய குடியிருப்புகளில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மூன்று படி ஏறி உள்ளே போகும்படி கட்டிய வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறார்கள். கேட் திறக்கவில்லை என்று அடிப்பக்கம் ஆறு அங்குலம் அறுத்து எடுத்திருக்கிறார்கள். சம்ப்பின், அதாவது வீட்டு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி ரோட்டு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பாதாளச் சாக்கடை பொங்கினால் முதலில் இறங்குவது அந்தச் சம்ப்புக்குள்தான். அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் சமைக்கிறார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு முறை தார்க் கலவை போட்டால் மேல் அடுக்கு 30 முதல் 40 மி.மீ. வரும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை 40 மி.மீ. என்று வைத்தால் 25 வருடத்தில் 20 செ.மீ. நடுவில் ஒரே ஒரு முறை கீழே 50 மி.மீ. கனமான அடுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் 25 செ.மீ. ஒரு படியின் உயரமே 15, 16 செ.மீ.தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டின் தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்கிறது. விதியை மதித்து, கூடுதலாக இரண்டு லோடு மண் அடித்து உயர்த்திக் கட்டியவனின் 45 செ.மீ.யில் பாதியை, அவனைக் கேட்காமலேயே ரோடு தின்றுவிட்டது.

அப்புறம் அவன் என்ன செய்வான்? காசு இருந்தால் அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே மூன்றடி தூக்குவான். சென்னையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், லட்சக்கணக்கில் செலவு. காசு இல்லாதவன் வாசலில் ஒரு முழத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பி, அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போவான். வயதானவர்கள் அந்தச் சுவரில் தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். இது இயற்கைப் பேரிடர் கிடையாது. மனிதர்கள் எஸ்டிமேட் போட்டு, கையெழுத்துப் போட்டு, பில் பாஸ் பண்ணி உண்டாக்கிய வெள்ளம்.

உத்தரவு இல்லையா என்றால், இருக்கிறது. 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாகச் சொன்னார்: சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு மட்டுமே திரும்பப் போட வேண்டும், மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆனாலும் உட்புறத் தெருக்களுக்குள் போனால் அந்த உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரம் வருகிறது. சந்துக்குள் வருவதில்லை. சந்துகளில்தான் ஜனம் இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் கணக்கில் பேருந்து போகும் சாலைகள் சுமார் 400 கி.மீ.தான், உட்புறச் சாலைகளோ 5,000 கி.மீ.க்கு மேல்.

‘மில்லிங்’, அதாவது சுரண்டுதல் என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரி எப்படி ஏமாற்றமாக மாறுகிறது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்தின் அடியில் உருளை ஒன்று சுழலும். அதில் கடினமான பற்கள் வரிசையாக இருக்கும். பல் எவ்வளவு இறங்க வேண்டும் என்று செட் பண்ணலாம். 40 மி.மீ. இறக்கினால் 40 மி.மீ. தூளாகி, முன்னால் இருக்கும் பெல்ட் வழியாக டிப்பரில் விழும். ஆழமாக இறக்கினால் வேலை மெதுவாகும், பல் தேயும், டீசல் கூடும், அள்ளிய தூளைக் கொண்டுபோய்க் கொட்ட லாரி வாடகை ஏறும். அதனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேலோட்டமாகக் கீறிவிட்டு ‘மில்லிங் முடிஞ்சது’ என்று போய்விடுகிறார்கள். தரையில் கோடு கோடாகத் தெரியும், பார்க்கிறவனுக்குச் சுரண்டிய மாதிரியே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் எடுத்து நாலு சென்டிமீட்டர் போட்டால் மூன்று சென்டிமீட்டர் ஏறத்தான் செய்யும்.

கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பெல்லாம் வேண்டாம். லாரியை எண்ணினால் போதும். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள தெருவில் 40 மி.மீ. சுரண்டினால் 24 கன மீட்டர் வரும். எடையில் சுமார் 55 டன். 10 டன் ஏற்றும் டிப்பரில் ஐந்து, ஆறு லோடு. உங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு டிப்பர்தான் போனது என்றால் மீதி எல்லாம் இன்னும் ரோட்டில்தான் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. சுரண்டாத விளிம்பு எங்காவது மிச்சம் இருக்கும், ஈபி பெட்டி ஓரத்திலோ நிறுத்திவைத்த வண்டிக்கு அடியிலோ. அங்கே ஸ்கேலை வையுங்கள். நாலு இடத்தில் அளந்து, ஸ்கேல் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

‘சின்னத் தெரு சார், மெஷின் வராது’ என்பார்கள். பெரிய மெஷின் வராது, உண்மைதான். சின்ன லோடரில் மாட்டுகிற சுரண்டும் கருவி வரும். அதுவும் நுழையாத சந்தில் பிரேக்கரால் உடைத்து அள்ளலாம். அதற்கான ரேட்டைத்தான் எஸ்டிமேட்டிலேயே எழுத வேண்டும். மேஜையில் உட்கார்ந்து, போன வருடத்துக் காகிதத்தில் தெருப் பெயரை மட்டும் மாற்றி எஸ்டிமேட் போட்டால் அந்தத் தொகை எப்படி வரும்? கான்கிரீட் தெருக்களின் கதை இன்னும் மோசம். கான்கிரீட்டை இப்படி லேசாகச் சுரண்ட முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அதன் மேலேயே இன்னொரு 15 செ.மீ. கான்கிரீட். ஒரே நாளில் ஒரு படி காலி.

மேன்ஹோலுக்கு வருவோம். ரோடு போடுவதற்கு முன்னால் பாதாளச் சாக்கடை மூடியின் சட்டத்தைப் புது மட்டத்துக்குச் சரிசெய்ய வேண்டும். மூடி குடிநீர் வாரியத்துடையது, ரோடு மாநகராட்சியுடையது. இரண்டு பேரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். விளைவு மூன்று விதம். மூடியின் மேலேயே தாரைப் போட்டு மூடிவிடுவார்கள். அடைப்பு எடுக்க வருகிறவன் மூடி எங்கே என்று தேடி, புது ரோட்டைக் கடப்பாரையால் கொத்துவான். இல்லாவிட்டால் மூடி அப்படியே பள்ளத்தில் இருக்கும். இருட்டில் டூவீலரின் முன்சக்கரம் அதற்குள் இறங்கும். சுரண்டிவிட்டு இரண்டு வாரம் ரோடு போடாமல் விட்டால் எல்லாம் தலைகீழ்: மூடிகள் கூரான விளிம்போடு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், சுரண்டிய கோடுகளில் டயர் வழுக்கும். சுரண்டிய ரோட்டை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு மெஷினை ஓட்டிப் போகிறவர்களை எந்த வார்த்தையால் திட்டுவது என்றே தெரியவில்லை. விழுகிறவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவன்.

மழைநீர் வடிகாலின் வாயும் இப்படித்தான் அடைபடுகிறது. நடைபாதைக் கல்லில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். ரோட்டுத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடிகாலுக்குள் இறங்க வேண்டும். இரண்டு முறை மேலே மேலே ரோடு போட்டால் அந்த ஓட்டையில் முக்கால்வாசி தாருக்குள் போய்விடும், மிச்சத்தைக் குப்பை அடைத்துவிடும். புதிதாகக் கட்டிய வடிகால்களில் பல இடத்தில் மேல்பலகையே ரோட்டைவிட உயரம். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய வடிகால் உள்ளே காய்ந்து கிடக்கும், வெளியே முழங்கால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் இறங்கும் வாய் ரோட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிய வேண்டும். மழை அதிகமான ஊர்களுக்குச் சரிவு இரண்டரை சதவீதம் வரை. 6 மீட்டர் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏழரை செ.மீ. உயரம். அவ்வளவுதான் விஷயம். ரசமட்டக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கத் தெரிந்த கொத்தனாரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

சரி, போடுகிற ரோடாவது நிற்கிறதா? அதுவும் இல்லை. சுரண்டிய பிறகு தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் மேல் ஒட்டுத் தார்க்குழம்பு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் தெளிக்க வேண்டும். மேலே சொன்ன 600 சதுர மீட்டர் தெருவுக்கு ஒரு டிரம்கூட முழுதாகச் செலவாகாது. அந்த ஒரு டிரம்மில்தான் கை வைக்கிறார்கள். வாளியில் எடுத்து அங்கங்கே வீசுவது, பழுப்பாக இருக்கும் குழம்பு கறுப்பாக மாறும் வரை காத்திருக்காமல் மேலே கலவையைக் கொட்டுவது. தூசிமேல் போட்ட தார் ஒட்டாது. பஸ் பிரேக் பிடிக்கிற இடத்திலும் திருப்பத்திலும் மேல் அடுக்கு அப்படியே நகரும், பிறை பிறையாக விரிசல் விழும், முதல் மழையில் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும்.

சூடும் முக்கியம். சாதாரணமாகப் புழங்கும் விஜி-30 ரகத் தார்க் கலவை என்றால் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், ரோலர் வேலை 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும். லாரி டிராபிக்கில் மாட்டி, தார்ப்பாய் மூடாமல் வந்து, இரண்டு மணி நேரம் தெருமுனையில் நின்றால் கலவை கட்டி தட்டிவிடும். அதை ரோலரால் எத்தனை முறை அமுக்கினாலும் இறுகாது. வேலையைப் பார்க்கும் ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) கையில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கலவையில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, இது உங்கள் வரிப்பணம்.

வரி என்றதும் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே கிடையாது. ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. தெருப் பிரச்சினையைச் சொல்ல ஆள் இல்லை. தேர்தல் முடிந்த கையோடு, 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம் உயர்வு. கொடுத்தோம். 2022 தேர்தலில் சென்னையின் 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ரோடு போடும் இரவில் வந்து, சுரண்டிய ஆழத்தை அளந்து பார்க்கிறார்கள்? பூமி பூஜைக்கு வருகிறார்கள், பேனர் வைக்கிறார்கள். பேனரில் தெருவின் நீளம் இருக்கும், தொகை இருக்கும். பழைய மட்டம் எவ்வளவு, புது மட்டம் எவ்வளவு என்று எந்தப் பேனரிலும் இருக்காது.

இதில் நம் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். ரோடு பளபளவென்று வந்தால் போதும் என்று கவுன்சிலருக்குச் சால்வை போடுகிறோம். காருக்காக ரோட்டின் பாதி வரை சாய்தளம் கட்டி, சுரண்டும் மெஷின் ஓரம் வரை வர முடியாமல் செய்கிறோம். சொல்லியும் வண்டியை எடுக்காமல் தூங்குகிறோம். அந்த வண்டிக்கு அடியில் பழைய ரோடு திட்டாக நிற்கும்.

இனி ரோடு போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் அன்றே செய்ய வேண்டியது ஒன்று. காம்பவுண்டுச் சுவரில் ரோட்டு விளிம்பிலிருந்து சரியாக 50 செ.மீ. உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தெருவில் நாலு வீட்டில் போடுங்கள். தேதி எழுதி, டேப் வைத்து, போட்டோ எடுங்கள். வேலை முடிந்த மறுநாள் திரும்ப அளந்து பாருங்கள். 50 அப்படியே இருந்தால் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். 46 என்று காட்டினால் சுரண்டவே இல்லை.

அன்றைக்கே சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-இல் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. என்ன கேட்பது? எஸ்டிமேட் நகல், ஒர்க் ஆர்டர், சுரண்டிய ஆழம் பதிந்த எம்-புக் (அளவுப் பதிவேடு) பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது ரோடு கெட்டால் கான்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டிய காலம், எந்தத் தேதி வரை என்பது. ‘ஏன் சுரண்டவில்லை’ என்று கேள்வியாக எழுதாதீர்கள், கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. ரோட்டைத் துளைத்து உருளையாக எடுத்தால் எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் என்று வரிவரியாகத் தெரியும். பலருக்கு இது தெரியாது, கேட்பதும் இல்லை.

முடிந்தால் பில் பாஸ் ஆவதற்கு முன்னால் கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு அந்த ரோட்டைத் திரும்பச் சுரண்ட எந்த கான்ட்ராக்டரும் வரமாட்டார்.