சத்தியம் பண்ணுங்க டீச்சர்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிய பயிற்சி என்று தகவல் வந்தால் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழும் கேள்வி, “ஓ.டி. உண்டா?” (அதாவது, அந்த நாளையும் பணி நாளாகவே கணக்கில் எடுப்பார்களா?) அடுத்தது, “மதியச் சாப்பாடு அங்கேயா?” கிண்டலுக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கிற ஆள்தான். எமிஸ் என்கிற மாணவர் விவர இணையதளப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஆளை உறிஞ்சிவிட்டு இதற்கும் வா என்றால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

பயிற்சியும் அதற்கேற்ற மாதிரிதான் நடக்கும். வட்டார வள மைய அறை, ஒரு புரொஜெக்டர், வரிசையாகச் சட்டப் பிரிவுகள். 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தை, தெரிந்தும் புகார் தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், நிறுவனத் தலைமை என்றால் ஒரு வருடம் வரை. ஸ்லைடு மாறும், பேனா ஓடும், தேநீர் வரும், குரூப் போட்டோ எடுப்பார்கள். வெளியே வரும்போது “நமக்கு எதுக்குப்பா வம்பு” என்கிற பயம் வந்ததைவிடக் கூடியிருக்கும். பயந்த ஆசிரியரிடம் எந்தப் பிள்ளை வந்து பேசும்?

ஒரே ஒரு பயிற்சி மட்டும் வேறு மாதிரி இருந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை எங்கள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் ஏழாம் வகுப்புப் பொண்ணு. லஞ்ச் டைம்ல உங்ககிட்ட வர்றேன்” என்றவர், குரலை மாற்றிக்கொண்டு, “டீச்சர், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றார்.

மொத்த அறையும் ஒரே குரலில், “சொல்ல மாட்டேன், சொல்லுடா கண்ணு.”

“முடிஞ்சுது” என்றார் அவர். “பிள்ளை சொல்லிடும். போக்சோ 19ஆம் பிரிவுப்படி நீங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும். நாளைக்குக் காலையில ஜீப் வந்து நிக்கும். அந்தப் பொண்ணு இனி எந்தப் பெரியவங்களையாவது நம்புமா?”

பிறகு என்ன சொல்வது? அதற்கும் எங்களிடம் எழுத வைத்தார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுக்க முடியாது சாமி. உன்னைக் காப்பாத்தணும்னா ரெண்டு பேர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன், எதுக்குச் சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுறேன்.” இதைக் கேட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டால்? மூடிக்கொள்ளலாம். அப்போதும் “நான் இங்கேதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே இருக்க வேண்டும். பெரும்பாலும் திரும்பி வரும் என்றார். எழுதியதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. மூன்றாவது முறை சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

என்னைக் கேட்டால் போக்சோ பயிற்சி என்பதே இதுதான். சட்டப் பிரிவை நாளைக்குக்கூட கூகுளில் தேடிக்கொள்ளலாம். பிள்ளை எதிரே நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் கூகுள் உதவாது. வாயில் பழகிய வார்த்தைதான் வரும். நம் வாயில் என்ன பழகியிருக்கிறது? “நீ எதுக்கு அங்க போனே?” “ஏன் அப்பவே சொல்லல?” “நெஜமாவா? அவரு அப்படிப்பட்டவர் இல்லையே?” இவற்றில் ஒன்று போதும், பிள்ளை “சும்மா சொன்னேன் டீச்சர்” என்று போய்விடும். நாமும் அப்பாடா என்று மூச்சு விடுவோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாசம் மிகுதியான டீச்சர்கள் பதிலையே கேள்விக்குள் வைத்துக் கொடுப்பார்கள். “அந்த மாமா இங்க தொட்டாரா? அப்புறம் இப்படிச் செஞ்சாரா?” 1980களில் கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில் நடந்தது இதுதான். நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் இப்படித் திணித்துத் திணித்துக் கேட்டார்கள். ஏழு வருட வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அங்கே உண்மையில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாமல் போனதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் குழந்தைகளிடம் விசாரிப்பதற்கென்றே நெறிமுறைகளை ஆராய்ந்து உருவாக்கினார்கள். அதன் சாரம் நமக்கும் தெரிந்த இரண்டு வார்த்தைதான்: “சொல்லு”, “அப்புறம்?” பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். ‘பிறப்புறுப்பு’ என்று திருத்தி எழுதக் கூடாது, அது என்ன பெயர் சொன்னதோ அதே பெயர்.

ஆனால் எழுதிய பிறகு பள்ளிகளில் நடப்பது என்ன? ஹெச்.எம். அறைக்குக் கூட்டிப்போய் இன்னொரு முறை சொல்ல வைப்பது, அங்கே பி.டி. வாத்தியாரும் நிற்பது, பிறகு சீனியர் டீச்சர் “எங்கிட்ட சொல்லும்மா” என்பது. சாயங்காலத்துக்குள் நாலு முறை அந்தப் பிள்ளை அதே இடத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும். போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளை விரும்புகிற இடத்தில் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று சட்டம் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்பே நாம் அதைக் கெடுத்து வைக்கிறோம்.

ஆண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பயிற்சியிலும் ‘பெண் குழந்தைகள் பாதுகாப்பு’ என்றுதான் தலைப்பு. 2007இல் மத்திய அரசே வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடந்தது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் 52.94 விழுக்காடு ஆண் பிள்ளைகள். எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று கையில் புது போன் வைத்திருக்கிறான், ரீசார்ஜ் யாரோ செய்கிறார்கள், ஒரு குறிப்பிட்ட அண்ணன் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது, வகுப்பில் முரட்டுத்தனம். நம் கண்ணுக்கு அது சேட்டை. அழுகிற பெண்ணைக் கவனிக்கவாவது ஆள் உண்டு, முட்டி போடுகிற பையனைக் கவனிக்க யார்?

இங்கே இன்னொரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சி என்பது ஒருநாள் கூத்து என்றால் காசு வீண். இந்த விசாரணை நெறிமுறையை ஆராய்ந்தவர்களே பார்த்துச் சொன்னது: விசாரிப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் “இங்கே இப்படிக் கேட்டிருக்கலாம்” என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும் வரை தரம் நன்றாக இருந்தது. அந்த ஆளை எடுத்தவுடன் சரிந்துவிட்டது. வெளிநாட்டில், இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி. எங்களுக்குப் பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிகிற பயிற்சி, அதுவும் பள்ளிக்கு ஒருவர். அவருக்கு மாறுதல் வந்தால் பயிற்சியும் மாறுதலாகிப் போய்விடும்.

சரி, டீச்சரைப் பழக்கிவிட்டீர்கள். மேலே இருப்பவர்? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானாளே, அந்தப் பிள்ளை பள்ளியில் சொல்லாமல் இல்லை. சொன்ன பிறகு ‘வெளியே சொல்ல வேண்டாம்’ என்றார்கள் என்பதுதான் நிர்வாகத்தின் மீதான குற்றச்சாட்டு. பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். இவர்களுக்குச் சட்டம் தெரியாதா என்ன? ‘பள்ளியின் பெயர்’ என்கிற ஒன்றுக்கு எதிராகப் பேசிப் பழக்கம் இல்லை. ஆசிரியருக்கு முன்னால் தாளாளர்களையும் தலைமை ஆசிரியர்களையும் அந்த நாற்காலியின் எதிரே உட்கார வைக்க வேண்டும் என்பேன். கூடவே வேன் டிரைவர், ஆயா, வாட்ச்மேன், சத்துணவு அக்கா. பிள்ளை காலையில் எந்த முகத்தோடு வேனில் ஏறியது என்று எங்களுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை எந்தப் பயிற்சிக்கும் நான் பார்த்ததில்லை.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தது நல்ல யோசனை. நான் பார்த்த பள்ளிகளில் அது ஹெச்.எம். அறை வாசலிலேயே தொங்குகிறது. அங்கே நின்று சீட்டுப் போடுகிற பிள்ளைக்கு வீரச்செயல் விருதே கொடுக்கலாம்.

மருத்துவர்கள் பக்கம் என் தங்கை செவிலியர் என்பதால் கொஞ்சம் தெரியும். 2020 போக்சோ விதிகளில் தெளிவாக இருக்கிறது, அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது. ஆனாலும் “போலீஸ் லெட்டர் இருக்கா?” என்பதுதான் பல இடங்களில் முதல் கேள்வி என்கிறாள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொன்னது. 2022இல் மறுபடியும் சொல்லி, மருத்துவப் பாடத்திட்டத்தையே திருத்திப் பாருங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அதே 2022இல் இன்னொரு தீர்ப்பு: கருக்கலைப்புக்கு வரும் 18 வயது நிரம்பாத பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரை வெளியிடத் தேவையில்லை. இதை அறியாத மருத்துவர் பயத்தில் விரட்டிவிட்டால் அந்தப் பெண் போகிற இடம் மருந்துக்கடையோ போலி டாக்டரோதான்.

“பொய்ப் புகார் ஆயிட்டா?” என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது, அதற்கும் 19ஆம் பிரிவிலேயே இடம் உண்டு. உண்மையா என்று கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளி விஷயம் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

கடைசியாக ஒன்று. புகார் போன மறுநாளும் அந்தப் பிள்ளை என் வகுப்புக்குத்தான் வரும். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது, மற்ற பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது, கோர்ட்டுக்குப் போகிற நாளில் வருகைப் பதிவேட்டில் என்ன போடுவது? அந்த நாற்காலி அம்மா வந்ததற்கு அடுத்த வருடப் பயிற்சியில் எழுந்து இதைக் கேட்டேன். “அதெல்லாம் சிலபஸ்ல இல்லீங்க மேடம்” என்றார் வந்திருந்தவர். இந்த முறையும் கேட்கப்போகிறேன். ஓ.டி. கேட்கிற தோழர்களே, கூட நீங்களும் எழுந்து நில்லுங்கள்.