கம்பி அறுந்தால் கம்பியே சொல்லட்டும்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கரண்ட் நிற்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். காய்ந்த பனைமட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். போன் போட்டால், "எந்த இடத்துல போயிருக்குன்னு பார்க்கணும் அண்ணாச்சி" என்பார் லைன்மேன். பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பதுதான். கையில் டார்ச்சோடு விளைக்குள் கம்பம் கம்பமாக அண்ணாந்துகொண்டே நடக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மேலே காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றுகின்றன, கீழே இருட்டில் ஒரு மனிதர் பனைமட்டையைத் தேடுகிறார்!

அமெரிக்கக் கிராமங்களில் பல இடங்களில் இந்தத் தேடலை ரேடியோ அலை செய்கிறது. 1930களின் நடுவில் அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் கரண்ட் கிடையாது. கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. 1936-ல் வந்த சட்டத்தால் அரசுக் கடன் கிடைக்க, விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பி இழுத்தார்கள். இன்று அந்தச் சங்கங்கள் பலவற்றில் மீட்டரே பேசுகிறது. கரண்ட் நின்றதும், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் 'இங்கே கரண்ட் இல்லை' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். எந்தெந்த மீட்டர் சொன்னது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்பது ஆபீசிலேயே பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவை விடுங்கள். தெலங்கானாவின் சிர்சில்லாவில் 1970-ல் தொடங்கிய மின் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது, இயக்குநர்களை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காக நம்மூர் மின்சாரத்தையும் சங்கத்திடம் கொடு என்று நான் கேட்கவில்லை. (கூட்டுறவுத் தேர்தல் லட்சணம் எனக்கும் தெரியும்.) குடிதண்ணீரில் தொடங்கலாம் என்கிறேன்.

தொட்டி நிறைந்தது நமக்கு எப்படித் தெரிகிறது? வழிந்தால் தெரியும். காலியானது? குழாயில் காற்று வந்தால் தெரியும். நடுவில் ஆபரேட்டர் இரும்பு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தால் உண்டு. நீர்மட்டம் பார்க்கும் சென்சாரும் லோரா என்ற சின்ன ரேடியோவும் இந்த வேலையைச் செய்துவிடும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். பேட்டரி வருஷக் கணக்கில் தாங்கும், தேரிக்காடு மாதிரி வெட்டவெளியில் சில கிலோமீட்டர் எட்டும். மொபைல் ஸ்டார்ட்டரில் வீட்டிலிருந்தே வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சம்சாரிக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

சிம் கார்டை மட்டும் நம்பி இதைச் செய்யக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போனதும் பின்னாலேயே டவரும் படுத்தது நினைவிருக்கும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட வழியில்லை. செய்தி வாங்கும் பெட்டி பஞ்சாயத்து ஆபீசில் சோலாரில் ஓடட்டும். டவர் இல்லாத நாளிலும் வாசலில் ஒரு போர்டில் மட்டம் தெரியட்டும்.

ஆனால் செய்தி யாருக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு அடம். ஜில்லா ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளியாக மட்டும் அது தெரியுமானால் இத்தனை செலவு வீண். தெருவாரியாக மகளிர் குழுக்களைச் சேர்த்து ஒரு தண்ணீர்ச் சங்கம் வையுங்கள், வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய் போதும், பெட்டியின் சாவி அவர்களிடம் இருக்கட்டும். 'மேலத்தெருத் தொட்டி கால்வாசி, மோட்டார் ஓடவில்லை' என்று ஊர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழட்டும். "தண்ணி விட்டாச்சே, உங்க வீட்டுக்கு வரலையா?" என்று தலைவர் எப்படிச் சொல்கிறார் பார்ப்போம்.