கீழ்த்தகட்டை மட்டும் மாற்றினால் போதாது
மின்சாரக் காரின் அடியில் கல் இடித்தால், கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை மாற்றினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. அந்தத் தகடு காற்றுக்கும் சேற்றுக்கும்தான். பேட்டரியைக் காப்பது அதற்கு மேலே இருக்கும் உலோக உறை. தகட்டைக் கழற்றி, உறையில் பள்ளமோ மடிப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பள்ளம் சிறியதாக இருந்தாலும் உள்ளே கூலன்ட் தட்டு (பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் தட்டு) விரிசல் விட்டிருக்கலாம். கசிவு உள்ளே தேங்கினால், மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் மின்காப்பு (இன்சுலேஷன்) மெல்ல மெல்லக் குறையும். எச்சரிக்கை விளக்கு உடனே எரியாமல் சில நாள் கழித்தும் எரியலாம். அதனால் ரிசர்வாயரில் (கூலன்ட் இருக்கும் தொட்டியில்) கூலன்ட் மட்டத்தைக் குறித்து வைத்து, மறுநாளும் பாருங்கள். சர்வீஸில் இன்சுலேஷன் அளவு, கூலன்ட் பிரஷர், உறையின் காற்றுக்கசிவு மூன்றையும் சோதிக்கச் சொல்லி, அளவுகளை எழுத்தில் வாங்குங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கி தவறான இடத்தில் வைத்து நசுங்கும் பேட்டரிகளும் உண்டு, கல்லை மட்டும் குறை சொல்ல முடியாது.

சீறல் சத்தமோ புகையோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் சார்ஜ் போடாதீர்கள். இறங்கி விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். பலமாக அடிபட்ட வண்டியைக் கட்டடங்களிலிருந்து 15 மீட்டராவது தள்ளி நிறுத்துவது நல்லது. சேதமான பேட்டரி செல் பல மணி நேரம் கழித்தும் தீப்பற்றலாம். 2013இல் சாலையில் கிடந்த உலோகப் பொருட்கள் இடித்து டெஸ்லா மாடல் எஸ் கார்கள் எரிந்த பிறகே, 2014இல் அதற்கு டைட்டானியம் அடிக்கவசம் வந்தது.